பழைய பிறப்புப் பதிவைத் தேடி எடுப்பது எப்படி?



கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை, குழந்தைக்குத் தடுப்பூசி, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே போதிய இடைவெளி ஆகியவற்றை இந்த வரிசையில் முன்பே பார்த்திருக்கிறோம். இம்முறை ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசுவோம். காகிதம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்ததா என்பதைச் சொல்லுவது அது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, கடவுச்சீட்டு எடுக்க, முதியோர் உதவித்தொகைக்கு வயதைக் காட்ட, சொத்தில் வாரிசு என்று நிலைநாட்ட உதவுவது அது. சில குடும்பங்களுக்கு, "நான் இந்த நாட்டுக்காரன்" என்று சொல்லிக்கொள்ள இருக்கும் ஒரே ஆதாரமும் அதுதான்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பல வகைக் குடும்பங்கள் வாழ்கின்றன. பரம்பரையாக இங்கேயே பயிர் செய்கிறவர்கள் உண்டு. ஆந்திர எல்லையைத் தாண்டிக் கொண்டவர்களும் கொடுத்தவர்களும் உண்டு. சிப்காட் தொழிற்சாலை வேலைக்காகத் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எங்க அம்மா காலத்துப் பதிவெல்லாம் இப்ப எங்க இருக்கப் போவுது?"

பெரும்பாலும் இருக்கிறது. எங்கே கேட்பது என்று தெரியாததால்தான் கிடைக்காமல் போகிறது.

1. பதிவு எந்தக் காலத்திலிருந்து இருக்கிறது?

பிறப்பு இறப்பைப் பதிவு செய்யச் சென்னை மாகாணத்தில் 1899 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கிராமத்தில் முன்சீப்தான் பதிவேட்டை வைத்திருந்தார். நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாகப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969 இல் இயற்றப்பட்டது. அது தமிழ்நாட்டில் 1970 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. 1980 நவம்பரில் பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பதிவேடும் அவர்கள் கைக்கு மாறிற்று.

ஆகவே 1950 இல் பிறந்த தாத்தாவுக்கும் பதிவு இருக்க வாய்ப்புண்டு. அந்தக் காலத்தில் வீட்டில் நடந்த பிரசவத்தை யாராவது போய்ச் சொன்னால்தான் முன்சீப் எழுதுவார். சொல்லாமல் விட்ட வீடுகளும் இருந்தன. எனவே பதிவு இருக்கும் என்று நம்பித் தேடுங்கள். இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கீழே சொல்லியிருக்கிறோம்.

2. எங்கே தேட வேண்டும்?

இதில் ஒரே ஒரு விதிதான். குழந்தை எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். தகப்பன் ஊரிலோ குடும்ப அட்டையில் எழுதியுள்ள ஊரிலோ இருக்காது.

நம் வழக்கம் என்ன? தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அப்படியிருக்க மூத்த பிள்ளையின் பதிவைப் புகுந்த வீட்டு ஊரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? முதலில் வீட்டுப் பெரியவர்களிடம், "இவன் எங்கே பிறந்தான்? எந்த வீட்டில்? எந்த ஆஸ்பத்திரியில்?" என்று கேட்டுவிட்டுப் பிறகு அலுவலகத்துக்குக் கிளம்புங்கள்.

கிராமத்தில், வீட்டில் பிறந்தவர்: அண்மைக் காலப் பதிவானால் கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியர் அலுவலகத்தையும் கேளுங்கள். பழைய கிராமப் பதிவேடுகள் வட்ட அலுவலகம் வழியாகச் சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பத்திரம் பதிகிற அதே அலுவலகம்தான். பலருக்கு இது தெரிவதில்லை.

பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் பிறந்தவர்: அந்தந்தப் பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனையில் பிறந்தவர்: முதலில் அந்த நிலையத்திலேயே கேளுங்கள். அந்தக் காலத்தில் பதிவு வேறு அலுவலகத்தில் நடந்திருந்தால் எங்கே என்று சொல்லுவார்கள்.

சென்னையில் பிறந்தவர்: சிக்கலான பிரசவம் என்று இராயபுரம், எழும்பூர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு போயிருந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில் இருக்கும். மாநகராட்சி தன் பதிவுகளை இணையத்தில் போட்டிருக்கிறது. பிறந்த தேதி சரியாகத் தெரிந்தால் சான்றிதழைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

எல்லையோர ஊரில் பிறந்தவர்: இங்கே கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். 1953 இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளில் எல்லை மாற்றம் வந்தது. திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. ஆகவே 1960 க்கு முன் திருத்தணிப் பக்கம் பிறந்தவருக்கு அன்றைய மாவட்டம் சித்தூர். சத்தியவேடு பக்கம் பிறந்தவருக்கு அன்று செங்கற்பட்டு மாவட்டமாக இருந்திருக்கலாம். அந்தப் பகுதி பிறகு சித்தூர் மாவட்டமாயிற்று. 2022 இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. நம் திருவள்ளூர் மாவட்டமே 1997 இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய காகிதங்களில் செங்கற்பட்டு என்று இருந்தால் பிழையென்று எண்ணாதீர்கள். மனுவில் அன்றைய மாவட்டம், வட்டம், இன்றைய மாவட்டம், வட்டம் இரண்டையும் எழுதுங்கள்.

வெளி மாநிலத்தில் பிறந்தவர்: பிறந்த ஊரில்தான் கேட்க வேண்டும். ஆனால் பெற்றோர் எந்த மாநிலத்தாராயினும், குழந்தை கும்மிடிப்பூண்டியில் பிறந்தால் பதிவு இங்கேதான். "சொந்த ஊருக்குப் போய்ப் பதிஞ்சுக்கலாம்" என்று விட்டுவிட்டால் பிறகு இங்கேயும் இருக்காது, அங்கேயும் இருக்காது.

3. கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியது

வெறுங்கையோடு போய், "எழுபத்தேழுல பொறந்தாருங்க, பாருங்க" என்றால் எழுத்தர் எத்தனை பக்கம் புரட்டுவார்? ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

தந்தை பெயர், தாய் பெயர். அழைக்கும் பெயர் வேறாக இருந்தால் அதுவும். பிறந்த ஊர், தெரு, அக்காலத்து வட்டம். ஆண் பிள்ளையா, பெண் பிள்ளையா, எத்தனையாவது பிரசவம். பிறந்த தேதி அல்லது உத்தேச மாதமும் ஆண்டும்.

பிள்ளையின் பெயரை இதில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. பழைய பதிவேட்டில் பெரும்பாலும் பெயரே இராது. பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள். "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் இருக்கும். எனவே தந்தை பெயர், தாய் பெயர், தேதி ஆகிய மூன்றைக் கொண்டுதான் தேட முடியும்.

தேதி தெரியவில்லையா? ஜாதகம் இருக்கிறதா பாருங்கள். ஜாதகத்தை அலுவலகத்தில் சான்றாக ஏற்க மாட்டார்கள். ஆனால் தேதியைக் கண்டுபிடிக்க அதைப்போல் உதவி வேறில்லை. "பிங்கள வருஷம் ஐப்பசி மாதம்" என்று இருந்தால் அது 1977 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவு வரை. ஒரு வருஷப் புத்தகத்தைப் புரட்ட வேண்டிய இடத்தில் ஒரு மாதம் பார்த்தால் போதும். ஜாதகம் இல்லாதவர்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு, அண்ணன் தம்பிகளின் பிறப்புச் சான்று, அம்மாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுவிடும் வழக்கம் அன்று இருந்தது. அதனால் அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஓரிரு வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

பிறகு மனு எழுதுங்கள். பதிவேட்டில் தேடிப் பார்த்து நகல் தரும்படி கேட்க யாருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. தேடுவதற்கும் நகலுக்கும் சிறு கட்டணம் உண்டு. கட்டியதற்கு ரசீதும் மனுவுக்கு ஒப்புகையும் வாங்காமல் திரும்பாதீர்கள். "நான் முடிச்சுத் தரேன்" என்று வாசலில் நிற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். மனு கொடுத்தும் பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இன்படி, "என் மனுவின் நிலை என்ன?" என்று கேட்டு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

4. பதிவு கிடைத்தது, பெயர் இல்லை, அல்லது பிழை இருக்கிறது

பெயர் இல்லாத பதிவில் பெயர் சேர்க்கலாம். பிறப்பைப் பதிந்து ஓராண்டுக்குள் என்றால் கட்டணம் இல்லை. பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அதற்கும் மேலானவர்களுக்கு அரசு அவ்வப்போது கால நீட்டிப்புக் கொடுத்திருக்கிறது. இப்போது நீட்டிப்பு இருக்கிறதா என்று பதிவாளரிடம் கேளுங்கள். பெயரை ஒருமுறை சேர்த்தால் மாற்றுவது கடினம். பள்ளியிலும் ஆதாரிலும் உள்ள எழுத்துப்படியே, தலைப்பெழுத்தும் பார்த்துச் சேருங்கள்.

தந்தை பெயரிலோ தேதியிலோ பிழை இருந்தால், சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி பதிவாளர் ஆதாரம் பார்த்துத் திருத்துவார். பழைய எழுத்தை அடித்து அழிக்க மாட்டார். ஓரத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்திடுவார். சான்றிதழில் நீங்களே பேனாவால் திருத்தினால் அந்தக் காகிதம் செல்லாமற் போகும்.

5. பதிவே இல்லை என்றால்?

மனம் தளர வேண்டாம். தேடிப் பார்த்து இல்லை என்றால், "இல்லை" என்பதையே எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பதிவின்மைச் சான்று என்று பெயர். அடுத்த படிக்கு அதுதான் சாவி.

ஓராண்டுக்கு மேல் பதியாமல் விட்ட பிறப்பைப் பதிய முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டும் என்று மத்தியச் சட்டத்தில் இருந்தது. 2023 திருத்தத்தின்படி மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான நடுவர், அல்லது ஆட்சியர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவர் ஆணையிடலாம். நம் வட்டத்தாருக்குக் கோட்ட அலுவலகம் பொன்னேரியில் இருக்கிறது. பதிவின்மைச் சான்று, பள்ளிச் சான்று, பெற்றோரின் அடையாள ஆவணம், பிறந்தது தெரிந்த பெரியவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றோடு மனுச் செய்ய வேண்டும். அந்தப் பெரியவர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தள்ளினால், சாட்சி சொல்ல ஆள் இராது.

6. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு

முகாமில் வாழும் தம்பதியருக்குப் பிறப்புப் பதிவு மற்றவர்களுக்கு உள்ளதைவிடப் பெரிய காரியம். அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

1948 இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 இல் சாஸ்திரி - சிறீமாவோ ஒப்பந்தம் ஏற்பட்டது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் பாதிப் பாதியாகப் பிரித்தது. இப்படி இந்தியக் குடிமக்களாக வந்தவர்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டும், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையும் இருந்தன. இவர்கள் தாயகம் திரும்பியோர். 1983 க்குப் பிறகு கலவரத்துக்கும் போருக்கும் தப்பி வந்தவர்கள் ஏதிலியர். இரண்டு வகையினரும் ஒரே கடலைத்தான் கடந்து வந்தார்கள். சட்டத்தின் முன் இரண்டும் வேறு வேறு.

இந்தியாவில் பிறந்தவரின் குடியுரிமை 1955 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிறந்த தேதியைப் பொறுத்தது.

1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும் பிறப்பால் இந்தியக் குடிமகன். தூதர் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு.

1987 சூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்கு, பிறந்த சமயத்தில் தாய் அல்லது தந்தை ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும்.

ஒரு நாள் முன்னே பின்னே என்றாலும் வாழ்க்கையே மாறிவிடுகிறது, பார்த்தீர்களா? மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண், கடவுச்சீட்டுக் கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 1987 சூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் என்பதால் அவர் இந்தியக் குடிமகளே என்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. அவர் கையில் இருந்த ஆதாரம், பிறந்த இடத்தையும் தேதியையும் காட்டும் பிறப்புச் சான்று. அன்று யாரோ ஒருவர் அந்தக் குழந்தையின் பிறப்பைப் பதிந்து வைத்ததால்தான் முப்பத்தாறு வருஷம் கழித்து அந்தச் சான்று பேசிற்று.

ஆகையால் கும்மிடிப்பூண்டி முகாமில் உள்ளவர்கள் மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது: இங்கே வருமுன் குடும்பம் வேறு முகாமில் இருந்திருந்தால், பிள்ளை பிறந்த அந்த மாவட்டத்தில் பதிவைத் தேடுங்கள். முகாமில் பிறந்த குழந்தைக்கும் மற்றக் குழந்தைகளைப் போலவே பிறப்புப் பதிவு உண்டு. பெற்றோரின் நாடு அதற்குத் தடையல்ல.

இரண்டாவது: வீட்டுப் பெட்டியில் பழைய இந்தியக் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துக் காகிதம் ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். கணவன் ஏதிலியாக வந்தவர், மனைவியோ தாயகம் திரும்பிய குடும்பத்துப் பெண் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் அந்தப் பழைய கடவுச்சீட்டுதான் பிள்ளையின் குடியுரிமைக்கு ஆதாரமாகும். "அப்பா போய்ட்டார், இனி இது எதுக்கு?" என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். கரையான் அரிக்காமல் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். நகல் எடுத்து வேறொரு வீட்டிலும் ஒன்று கொடுத்து வையுங்கள்.

மூன்றாவது: இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள், இங்கே பிறந்த பிள்ளைகளைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கும் முதலில் கேட்பது இங்குள்ள பிறப்புச் சான்றைத்தான். இலங்கையில் பிறந்த பெரியவர்களின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு அங்குள்ள பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். உறவினர் இருந்தால் அவர் மூலம் கேட்கலாம். ஊர் திரும்புவதா இங்கேயே இருப்பதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. எந்த முடிவானாலும் பிள்ளை நாடற்றவனாக நிற்கக் கூடாது.

இந்த விஷயங்களில் வழக்கறிஞர் உதவி வேண்டுமானால் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

7. இனி பிறக்கும் குழந்தைக்கு

பழையதைத் தேடி அலைகிற பாடு நம்மோடு போகட்டும். கர்ப்பம் தரித்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்று பெற அந்த எண் கேட்கப்படும். பிரசவமானதும் 21 நாட்களுக்குள் பிறப்பு பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். அதற்குள் பதிந்தால் முதல் சான்று இலவசம். 21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம். ஓராண்டுக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்து மூல அனுமதியும் வேண்டும்.

2023 அக்டோபர் முதல் நாளும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு ஆகியவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டப் பிறப்புச் சான்றே ஆவணம் என்று சட்டம் சொல்லுகிறது. கடவுச்சீட்டு விதியும் 2025 இல் அதன்படியே மாற்றப்பட்டது. பழைய தலைமுறைக்குப் பள்ளிச் சான்று கைகொடுத்தது. இந்தத் தலைமுறைக்கு அந்த வழி இல்லை.

8. தாய்மார்கள் கேட்கும் சில கேள்விகள்

"ஆதார் இருக்கே, போதாதா?"
போதாது. ஆதார் நீங்கள் யார் என்பதைக் காட்டும். அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று அதன் சட்டமே சொல்லுகிறது.

"எங்க மாமியாருக்கு எதுக்கு இப்ப பிறப்புச் சான்று?"
அவருக்கு மட்டுமல்ல, உங்கள் பிள்ளைகளுக்கும் பயன்படும். 2025 இறுதியில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது, இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் பெற்றோர் பெயரைத் தேடிப் பல குடும்பங்கள் அலைந்தன. பெரியவர்களின் காகிதம் பேரப்பிள்ளைகளுக்குப் பாலம்.

"பொண்ணுக்கு வயசு ஆயிடுச்சுன்னு தெரியுது, காகிதம் பாக்கணுமா?"
கட்டாயம் பார்க்க வேண்டும். ஆளைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உடல் முதிராத வயதில் கர்ப்பம் தரித்தால் இரத்தசோகையும், எடை குறைந்த குழந்தையும், பிரசவச் சிக்கலும் வரும். பந்தல் போடுமுன் பிறப்புச் சான்றைப் பாருங்கள்.

நினைவில் வையுங்கள்

பிறந்த இடத்தில் தேடுங்கள்.
தந்தை, தாய் பெயரோடு தேதியையும் எழுதிக்கொண்டு போங்கள்.
ரசீது வாங்குங்கள்.
இல்லை என்றால், இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.
பழைய காகிதம் எதையும் எறியாதீர்கள்.
புதிய பிறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள்.

இந்தப் பிரசுரத்தைப் படித்த பிறகு, கணவனும் மனைவியும் இன்று இரவே உட்கார்ந்து, வீட்டில் யார் யாருக்குப் பிறப்புச் சான்று இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். இல்லாதவர்களில் மூத்தவர் யாரோ அவருக்கு முதலில் மனுக் கொடுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊருக்கு வரும் சுகாதார ஆய்வாளரையோ செவிலியரையோ தயங்காமல் கேளுங்கள்.